அழுத்தம் விட்ட பிறகு

பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடி முடிக்கும்வரை, எதிரே திரையில் காற்றழுத்த எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர நாச்சம்மைக்கு வேறு வேலை இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஆய்வுக்கூடத்தின் முழு நீளத்துக்கும் படுத்திருந்தது அவளுடைய வாயுத் துப்பாக்கி. துப்பாக்கி என்று பேர்தான், பார்த்தால் நகராட்சிக்காரர்கள் குடிநீர்க் குழாயைப் பதிக்க மறந்து தாங்கிகளின் மேல் வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். ஒரு முனையில் வாயுத் தொட்டி, மறுமுனையில் அண்டாவைக் குப்புறக் கவிழ்த்தது போல ஓர் இரும்பு அறை. அந்த அறைக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு செம்புத் தகடு நிற்கிறது. தொட்டியில் அடைத்த வாயுவைத் திறந்துவிட்டால் குழலின் இந்தக் கோடியிலிருந்து இன்னொரு செம்புத் தகடு பாய்ந்து போய் அதன்மேல் அறையும். இடையில் காற்று இருந்தால் பாய்கிற தகட்டுக்கு முன்னால் மெத்தை மாதிரி திரண்டுகொண்டு காரியத்தைக் கெடுக்கும் என்பதால் உள்ளேயிருக்கிற காற்றையெல்லாம் முதலில் உறிஞ்சியாக வேண்டும். உறிஞ்சட்டும். அவசரம் ஒன்றுமில்லை. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, இங்கே ஏசி குளிர்கிறது, நாற்காலி வசதியாக இருக்கிறது, கைப்பை மேசைமேல் இருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது. மூன்றாவது ஸ்க்ரூவை முடுக்கினேனா?

எங்கிருந்து வந்தது இந்தக் கேள்வி என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலையில் அறைக்குள் தலையை விட்டுத் தகட்டைப் பொருத்தியது அவள்தான். அந்த வேலையை அவள் யாரிடமும் விடுவதில்லை. தகடு மூன்று ஸ்க்ரூவில் நிற்கும், லேசர் ஒளி போன வழியே திரும்பி வரும்வரை ஒவ்வொன்றாகத் தளர்த்தியும் இறுக்கியும் நேராக்கி, கடைசியில் மூன்றையும் முடுக்கிவிட வேண்டும். முதலாவதை முடுக்கியது நினைவிருக்கிறது, திருகுசாவி வழுக்கி விரல்மூட்டில் இடித்தது, இன்னும் வலிக்கிறது. இரண்டாவதை முடுக்கும்போது கூட வேலை பார்க்கிற ஆரோக்கியம் வெளியிலிருந்து, சிலிண்டரை மாத்திடவா மேடம் என்றார், ம் என்றாள். அப்புறம்? அப்புறம் ஸ்பிரிட் தொட்டுக் கையைத் துடைத்தது நினைவிருக்கிறது, அந்த ஜில்லிப்பு, அந்த வாசனை, ஆஸ்பத்திரி வாசனை. நடுவில் ஒன்றுமில்லை. முடுக்கியிருப்பாள். கை தானாக முடுக்கியிருக்கும், இத்தனை வருஷமாக முடுக்குகிற கை. ஆனால் அந்தக் கைதான் போன வாரம் டம்ளரைக் கீழே போட்டது, இன்று காலை சாவியை வழுக்கவிட்டது, ஸ்க்ரூவின் தலையைப் பிடிக்க முடியாமல் நடுங்கியது. யாரும் பார்க்கவில்லை, அறைக்குள் தலையை விட்டிருப்பவளின் கை யாருக்குத் தெரியும். முடுக்கவில்லை என்றால்? லேசர் திரும்பி வருகிறது, திரையில் தெரிகிறது. ஆனால் இரண்டு ஸ்க்ரூவில் நின்றாலும் அது திரும்பி வரும். வாயு திறக்கிற உலுக்கலில் தகடு ஒரு மயிரிழை சாயும், அவ்வளவு போதும், மோதல் தட்டையாக விழாது, பல வாரமாக மெருகேற்றிய தகடு வெறும் செம்புச் சில்லாகிப் போகும். யாருக்கும் அடிபடாது. யாரும் திட்டவும் மாட்டார்கள். அதுதான் தொல்லை, யாரும் திட்ட மாட்டார்கள், பாவம் வீட்டில் எவ்வளவு கஷ்டம் என்பார்கள். இப்போதுதான் வீட்டில் கஷ்டமே இல்லையே.

மறதி அவளுக்கு வந்ததில்லை. மூன்று வருஷத்தில் ஒரு மாத்திரை தவறியதில்லை. அவள் கணவர் சாத்தப்பன் கால்நடை டாக்டர். ஓர் எருமைக்கு ஊசி போட்டுவிட்டு வந்து கைகழுவும்போது அவருடைய மூக்கில் ரத்தம் வந்தது, நிற்கவே இல்லை, மதுரைக்குக் கொண்டுபோனார்கள், ரத்தத்தில் புற்று என்றார்கள். அன்றைக்கு அவள் ஒரு பையைத் தோளில் மாட்டினாள். காய்ச்சல்மானி, மாத்திரைகள், மாற்றுச் சட்டை, வாந்திக்குப் பாலிதீன் உறை, அவர் உறிஞ்சுகிற எலுமிச்சை மிட்டாய், எல்லாம் கைபோன இடத்தில் இருக்கும், பார்க்காமலே எடுப்பாள். அவருக்கு முடி கொட்டியபோது அவளே மழித்துவிட்டாள், கோயில்ல மொட்டையடிச்சா சந்தனம் தடவுவாங்க, இங்க ஒண்ணும் கிடையாதா என்று அவர் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே பவுடரை அப்பினாள். மகள் தேனம்மை போனில் அழும்போது அவளையும் தேற்றினாள். ஊரில் பங்காளிகள், நாத்தனார்கள், டாக்டர்கள், நர்ஸுகள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: நாச்சி இருக்கா, பாத்துக்குவா. ஆய்வுக்கூடத்தில் மகளிர் தினத்துக்கு மேடையேற்றிச் சால்வை போட்டு இரும்புப் பெண்மணி என்றார்கள். கைதட்டலுக்கு நடுவில் நின்றுகொண்டு அவள் யோசித்தது, இரும்பைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும் என்று. இரும்பை ஓர் அளவுக்கு மேல் அதிர்ச்சி அலை அழுத்தினால் அது தன்னுடைய அணு அடுக்கையே மாற்றிக்கொண்டு வேறோர் இரும்பாகிவிடும். அலை கடந்து அழுத்தம் விட்டதும் பழைய அடுக்குக்குத் திரும்பிவிடும், புத்தகத்தில் அப்படித்தான் ஒரு வரியில் இருக்கும், திரும்பிவிடும் என்று. வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளேயெல்லாம் வரிவரியாக, குறுக்கும் நெடுக்குமாக. அதே இரும்புதான், அதே எடைதான்.

போன வாரம் மதுரையில் டாக்டர் ரெஹானா ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றினால் கெட்ட செய்தி என்பது நாச்சம்மையின் அனுபவம், அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவரோ சிரித்தார். "சார், இனிமே மாசாமாசம் இங்க வந்து என் மூஞ்சியப் பாக்க வேணாம். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்" என்றார். சாத்தப்பன் எழுந்து நின்று டாக்டருக்குக் கும்பிடு போட்டார், வராந்தாவில் வந்த நர்ஸுக்குப் போட்டார், லிஃப்ட்காரருக்கும் போட்டார். வெளியே வந்ததும் பரோட்டா வேண்டும் என்றார், மூன்று வருஷமாகக் கனவில் வருகிறது என்றார், சால்னாவை ஊற்றிப் பிசைந்து பிசைந்து சாப்பிட்டார், வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார், டூட்டியில் சேர வேண்டும், தேனுவைப் பார்க்கப் பெங்களூர் போக வேண்டும், நீச்சல் மறந்திருக்குமா நாச்சி என்றார். அவள்தான் காரை ஓட்டினாள். திருமயம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, மூடியைத் திறக்கச் சொல்லிப் பையன் கண்ணாடியைத் தட்டியபோது, அவளுக்கு எந்த விசையை இழுக்க வேண்டும் என்று தெரியவில்லை. கார் அவளுடையதுதான். கை ஸ்டீயரிங்கில் இருந்தது, கையை எடுக்க வேண்டும் என்பது தெரிந்தது, கை வரவில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. சாத்தப்பன் குனிந்து எட்டி அந்த விசையை இழுத்துவிட்டு, களைச்சுட்டே போலருக்கே, வீட்டுக்குப் போயி தூங்கு என்றார். தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து வரவில்லை. கண்ணை மூடினால் எதையோ விட்டுவிட்டு வந்துவிட்ட மாதிரி நெஞ்சு திடுக்கென்கிறது, எழுந்து போய்ப் பையைத் துழாவுகிறாள், பையில் சீப்பும் பேனாவும்தான் இருக்கின்றன. பை கனமில்லாமல் இருப்பதே பயமாக இருக்கிறது. அவர் நன்றாகக் குறட்டை விடுகிறார். நல்லவேளையாக விடுகிறார். பாவி மனுஷர், எப்படித்தான் விடுகிறாரோ.

எண் இறங்கிக்கொண்டே வந்தது. பம்பின் சத்தம் மெலிந்து ஒரு ரீங்காரமாகியிருந்தது. இன்னும் கொஞ்சம்தான், அப்புறம் பொத்தான், அப்புறம் வாசல் கதவு காற்றில் அறைந்த மாதிரி ஒரு சத்தம், முடிந்துவிடும். கண்ணிமைக்கிற நேரத்தில் ஒரு துணுக்கு, அதற்குள் எல்லாம் நடந்துவிடும். மோதிய இடத்திலிருந்து அழுத்த அலை தகட்டுக்குள் ஓடும். செம்பு தாங்கும். நெருங்க இடமில்லாத அணுக்களெல்லாம் நெருங்கி நெருங்கி நிற்கும், அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் அந்த நேரத்தில் செம்பு பிளப்பதே இல்லை. முதல் முதலாக இந்த வேலைக்கு வந்தபோது அவளுக்கு அது நம்பமுடியாததாக இருந்தது. அலை தகட்டின் முதுகைத் தொடும், அங்கே தள்ளுவதற்கு எதிரே ஆள் இல்லை, வெட்டவெளி. அப்போது அழுத்தம் விடுகிறது. விட்ட செய்தி இன்னோர் அலையாகத் தகட்டுக்குள் திரும்பி வரும், மோதிய தகட்டின் முதுகிலிருந்தும் அதே மாதிரி ஒன்று வரும், இரண்டும் நடுவில் எங்கோ சந்திக்கிற இடத்தில் செம்பை யாரும் தள்ளவில்லை, இரண்டு பக்கமும் இழுக்கிறது. அங்கேதான், தளர்கிற அந்த இடத்தில்தான், உள்ளுக்குள் துளித்துளியாய் ஓட்டை விழும், ஓட்டைகள் சேரும், பிளக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் பளபளவென்று முழுசாக இருக்கும். அவள் நூறு தகடுகளை வெட்டிப் பார்த்திருக்கிறாள், எதையும் பார்த்து வருத்தப்பட்டதில்லை, அளந்து வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனாள். செம்புக்கு வலிக்காது. செம்பையும் தன்னையும் ஒன்றாக வைத்து யோசிப்பது மகளிர் தினத்தில் சால்வை போடுகிறவர்களின் வேலை, அவளுடைய வேலை இல்லை. அவளுடைய வேலை மூன்றாவது ஸ்க்ரூ. முடுக்கினேனா?

திறந்து பார்த்துவிடலாம். திறந்தால் காற்று உள்ளே போகும், மறுபடி முதலிலிருந்து உறிஞ்ச வேண்டும், பாதி நாள் போகும். அது பெரிதில்லை. ஏன் மேடம் என்று ஆரோக்கியம் கேட்பார். தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை அவள் வாயால் சொல்லிப் பல காலமாகிறது. தெரியாது, முடியாது, பயமாக இருக்கிறது, இவையெல்லாம் வேறு வீட்டுப் பெண்கள் பேசுகிற பாஷை. பயம் என்றால் இப்போது எதற்குப் பயம்? அவர் மோசமாக இருந்தாரே, வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கிக் கண்ணாடி அறையில் போட்டிருந்தார்களே, அப்போதல்லவா பயந்திருக்க வேண்டும். அப்போது அவள் பயப்படவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தாள், ஊருக்கு எப்படிக் கொண்டுபோவது, தேனுவுக்கு யார் சொல்வது, யார் மடியில் அவள் விழுந்து அழுவாள், அவருடைய சட்டைகளை யாருக்குக் கொடுப்பது. நீலக் கட்டம்போட்டதை மட்டும் கொடுக்கக்கூடாது என்று முடிவுசெய்தாள். அப்படி அவரை ஒருமுறை முழுசாக வழியனுப்பிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, அடுத்த மாத்திரை நேரத்துக்கு எழுந்து போனாள். அவர் அந்த நீலக் கட்டச் சட்டையைத்தான் பரோட்டா சாப்பிடப் போட்டிருந்தார். சால்னா சிந்தியது. அதைப் பார்த்தபோது சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் அவள் கைக்குட்டையை நனைத்துக் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெஞ்சில் அழாமல் எடுத்துவைத்த அழுகை எங்கேயும் போகவில்லை, அதற்குக் காரணம்தான் போய்விட்டது. காரணமில்லாத அழுகையை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? உயிரோடு, சால்னா வாயோடு எதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷரிடமா?

கதவு திறந்தது. ஆரோக்கியம் இரண்டு டீயோடு வந்தார். அவளோடு பதினைந்து வருஷமாக இந்தத் துப்பாக்கியை இயக்குகிறவர், திருச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார், சத்தமாகப் பேசவே தெரியாது. "வேக்குவம் வந்துருச்சு மேடம். கேஸ் ஏத்திடலாமா?" என்றார். டீயை அவள் பக்கம் நகர்த்தி, "சார் எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். மூன்று வருஷமாகத் தினமும் கேட்கிற கேள்வி. நல்லா இருக்கார் என்று தினமும் சொன்ன பதில்தான், பொய்யாக இருந்த நாளெல்லாம் தடங்கலில்லாமல் வந்த பதில், உண்மையாக இருக்கிற இன்றைக்கு வர மறுத்தது. பம்பு ரீங்கரித்தது. அவள் டீயை எடுத்து, குடிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டாள்.

"ஆரோக்கியம்."

"சொல்லுங்க மேடம்."

"மூணாவது ஸ்க்ரூவ முடுக்கினேனான்னு எனக்குத் தெரியல."

சொல்லிவிட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நீங்களா மறந்தீங்க என்றும் கேட்கவில்லை. ஏதோ விளக்கை அணைக்கச் சொன்ன மாதிரி, "அப்பத் தொறந்து பாத்துருவோம். காத்த விடறேன்" என்று போய்ப் பம்பை நிறுத்தினார். வால்வைத் திறந்ததும் காற்று உஸ்ஸென்று உள்ளே போனது, வெகுநேரம் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பேருமாக மூடியைக் கழற்றினார்கள். அவள் குனிந்தாள். கையை உள்ளே விட்டாள், சாவியைத் தேடிப் பிடித்து ஸ்க்ரூவின் தலையில் வைத்துத் திருகினாள். திரும்பவில்லை. இன்னும் அழுத்தித் திருகினாள். அசையவே இல்லை. முடுக்கித்தான் இருந்தது. கச்சிதமாக, எப்போதும் முடுக்குகிற அளவுக்கு, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல். சரியாத்தான் இருக்கு ஆரோக்கியம் என்று சொல்ல வாயைத் திறந்தாள், வேறொரு சத்தம் வந்தது. இரும்பு அறைக்குள் தலையை விட்டிருந்ததால் அந்தச் சத்தம் பெரிதாகி அவளுக்கே திரும்பி வந்தது, யாரோ இன்னொருத்தி உள்ளே உட்கார்ந்து அழுகிற மாதிரி. நிறுத்தப் பார்த்தாள். சாவி கையிலிருந்து விழுந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, எல்லாமே சரியாக இருக்கிறது, அவர் சரியாக இருக்கிறார், ஸ்க்ரூ சரியாக இருக்கிறது, நான் எதையும் விடவில்லை, ஒன்றையும் விடவில்லை, அப்புறம் ஏன், அப்புறம் ஏன் என்று அழுதாள். ஆரோக்கியம் என்ன செய்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது ஒரு நாற்காலி பக்கத்தில் வந்திருந்தது, அதன்மேல் துவைத்த துண்டு ஒன்று இருந்தது. அவர் கதவுக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு, வருகிறவர்களைத் தடுக்கிற தினுசில் நின்றிருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் போனை எடுத்தாள். சாத்தப்பன் முதல் மணியிலேயே எடுத்தார். "ஏங்க" என்றாள், அதற்குமேல் வரவில்லை. "வர்றேன்" என்றார் அவர்.

"மேடம், நாளைக்கு நான் ரெடி பண்ணி வக்கிறேன். நீங்க வந்தா நீங்க, வரலேன்னா நான் சுட்டுடறேன்" என்றார் ஆரோக்கியம். "நீங்களே சுடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அதைச் சொல்வது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில், அவள் வீட்டில் விட்டுவந்த கார் நின்றது. அவர் தனியாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார், இத்தனை காலத்துக்குப் பிறகு, இந்த வெயிலில், தொப்பிகூட இல்லாமல். திட்டலாம் என்று கிட்டே போனாள். அவர் முன்கதவைத் திறந்துவிட்டார். உட்கார்ந்தாள்.

"நீங்க நல்லாயிட்டீங்கன்னு எனக்குச் சந்தோஷம் இல்லாம இல்ல" என்றாள்.

"தெரியும்."

"ஆனா என்னால முடியல. என்னன்னே தெரியல. கை நடுங்குது. தூக்கம் வர மாட்டேங்குது. முன்னெல்லாம் நல்லாத்தானே இருந்தேன்."

அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, நாடி பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டார். "நாச்சி, பசு இருக்குல்ல. கன்னு போடறவரைக்கும் நல்லா நிக்கும். கன்னு வெளிய வந்து, அது எந்திரிச்சு நடந்து, வீட்டுல எல்லாரும் சீம்பாலுக்கு ஏனம் எடுத்துட்டு வர்றப்பத் திடீர்னு படுத்துக்கும். கழுத்த இப்பிடி வயித்துப் பக்கமாத் திருப்பி வச்சுக்கும், கூப்பிட்டாப் பாக்காது. வீட்டுக்காரங்க அலறிப்போய் எனக்குப் போன் பண்ணுவாங்க, கன்னு நல்லாருக்கு சார், மாடு செத்துரும் போலருக்குன்னு. சாகாது. உடம்புல இருந்த சுண்ணாம்புச் சத்தையெல்லாம் பால்ல எறக்கிருச்சு, அவ்வளவுதான். நான் போறவரைக்கும் ஒருக்களிச்சு விழாம ஒரு ஆளு பக்கத்துல அண்ட குடுத்து உக்காந்துக்கிட்டாப் போதும். பாட்டில் ஏத்தினா எந்திரிச்சிரும்."

"நான் மாடா?"

"மாடுன்னா எனக்கு வைத்தியம் தெரியும்" என்றார். "பொண்டாட்டின்னாத்தான் தெரியாது. அதனால ரெஹானா டாக்டருக்குப் போன் பண்ணிருக்கேன். உனக்கு யாரைப் பாக்கலாம்னு சொல்றேன்னாங்க. நாளைக்குப் போறோம். நான் ஓட்டறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்புக்குப் பின்னாலேயே மறுபடி கண்ணீர் வந்தது, இந்தமுறை அதை நிறுத்தப் பார்க்கவில்லை. அவர் இரண்டு சீட்டையும் பின்னால் சாய்த்துவிட்டார், நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டார். புங்கங்காற்று வந்தது. ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி ஏதோ ஓடியது, அவர் சத்தத்தைக் குறைத்தார். அவருடைய தோள் அவள் எதிர்பார்த்ததைவிடக் கெட்டியாக இருந்தது, எலும்புதான், ஆனால் கெட்டியாக இருந்தது. தலை சாய்ந்த இடத்திலேயே இருந்துவிட்டது. கேட்டிலிருந்து காவலாளி, சார் வண்டியக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிறீங்களா என்று கேட்டுக்கொண்டு வருவதும், வாயில் விரலை வைத்து, "மெதுவாப் பேசுங்க. தூங்குறாங்க" என்று அவர் சொல்வதும் எங்கோ தூரத்தில் கேட்டன. இன்னும் தூங்கவில்லையே என்று சொல்ல நினைத்தாள், சொல்வதற்குள் தூங்கிப்போனாள்.